வைஃபை போனது கணினிக்கு எப்படித் தெரிகிறது?

யாழ்ப்பாணத்து வீடுகளில் கரண்ட் போனால் மின்விசிறி உடனே நிற்பதில்லை. அது இன்னும் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தக் கணமே உயிரை விடுவது மூலையில் கிடக்கும் ரவுட்டர். மேசையில் திறந்திருக்கும் லப்டொப்புக்கு ஒன்றும் ஆகாது. பேட்டரிக்கு மாறும், திரை கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். ஆனால் பாதி அனுப்பிய கோப்பு, நடந்துகொண்டிருந்த சூம் வகுப்பு, சேமிக்கப்பட்டுக்கொண்டிருந்த ஆவணம் எல்லாம் அந்தரத்தில் நிற்கும். சில மென்பொருள்கள் ஓரிரு விநாடியில் 'இணைப்பு இல்லை' என்று சொல்லிவிடும். சில, பத்து நிமிடமானாலும் 'அனுப்பப்படுகிறது' என்று வட்டமிட்டுக்கொண்டே இருக்கும்.

2022 மார்ச் கடைசியில் இலங்கை முழுவதும் இந்தக் காட்சிதான். 30ஆம் திகதி பத்து மணி நேர மின்வெட்டு, மறுநாள் பதின்மூன்று மணி நேரம். எந்த மென்பொருள் புத்திசாலி, எது அசடு என்பது அந்த நாட்களில் வீட்டுக்கு வீடு தெரிந்துபோனது. ஒரே கணினி, ஒரே வைஃபை, ஒரே கரண்ட் வெட்டு. பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

கம்பி இருந்தால் விஷயம் சுலபம். ஈதர்நெட் கம்பியைப் பிடுங்கினால் மறுமுனையிலிருந்து வந்துகொண்டிருந்த மின்துடிப்பு நின்றுபோகும். கணினியின் நெற்வேர்க் அட்டை உடனே அறிந்துகொள்ளும். வைஃபையில் பிடுங்குவதற்கு எதுவும் இல்லை. அங்கே இணைப்பு என்பது இரண்டு கருவிகள் தத்தம் நினைவகத்தில் எழுதிவைத்திருக்கும் ஓர் உடன்பாடு. ரவுட்டர் செத்த பிறகும் லப்டொப்பின் நினைவில் அந்த உடன்பாடு அப்படியே இருக்கும், யாராவது அதை அழிக்கும் வரை.

எப்போது அழிப்பது? அதற்குத்தான் பீக்கன். ஒவ்வொரு ரவுட்டரும் தன் பெயரையும், தான் பேசும் வேகங்களையும், கடவுச்சொல் முறையையும் ஒரு சிறு பொட்டலமாக்கி ஓயாமல் காற்றில் விட்டுக்கொண்டிருக்கிறது. வழக்கமான இடைவெளி 102.4 மில்லிவிநாடி, அதாவது விநாடிக்குப் பத்துக்குச் சற்றுக் குறைவு. (நூறு என்று முழுதாக இல்லாமல் .4 எப்படி வந்தது என்று கேட்கலாம். வைஃபை தரத்தை வகுத்தவர்கள் காலத்தை 1024 மைக்ரோவிநாடி அலகில் அளந்தார்கள். இரண்டின் அடுக்குகள் மேல் கணினிக்காரருக்கு இருக்கும் பற்று அப்படி.) லப்டொப்பின் வைஃபை சில்லு இந்தப் பீக்கன்களை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. ஒன்றிரண்டு தவறினால் கவலைப்படாது. பக்கத்து வீட்டு ரவுட்டரோ மைக்ரோவேவ் அடுப்போ குறுக்கே புகுந்திருக்கலாம். லினக்ஸ் கருவின் வைஃபை பகுதியில் வழக்கமான எல்லை ஏழு. தொடர்ந்து ஏழு பீக்கன் வராவிட்டால், அதாவது முக்கால் விநாடிக்குச் சற்று முன்பே, சந்தேகம் பிறக்கிறது. அப்போதும் உடனே வெட்டிவிடுவதில்லை. 'இருக்கிறாயா?' என்று சில தடவை கேட்டுப் பார்க்கும். பதில் இல்லையென்றால்தான் உடன்பாடு அழிக்கப்படும்.

முறைப்படி அணைக்கப்படும் ரவுட்டர் 'நான் போகிறேன்' என்று ஒரு பொட்டலம் அனுப்பிவிட்டுப் போகலாம். கரண்ட் வெட்டில் அதற்கு அவகாசம் ஏது? ஆகவே லப்டொப்புக்குக் கிடைக்கும் ஒரே செய்தி மௌனம். மௌனத்தைப் படிப்பது எவ்வளவு கடினம் என்பது 1990களின் போர்க்கால யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்குப் புதிதல்ல. மின்சாரம் இல்லை, பேட்டரிக்குத் தடை. சைக்கிளை நிறுத்தி வைத்து, பின்சக்கரத்தைச் சுழற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள். பிபிசி தமிழோசைச் செய்தியின் நடுவே குரல் தேய்ந்தால், நிலையம் மங்கியதா, மிதிப்பவர் களைத்தாரா என்பது கேட்பவருக்குச் சட்டென்று பிடிபடாது. வைஃபை சில்லும் அதே சங்கடத்தில்தான் இருக்கிறது. ரவுட்டர் நின்றதா, தான் தொலைவுக்கு வந்துவிட்டதா, நடுவே ஏதாவது மறித்ததா என்பதை மௌனம் பிரித்துச் சொல்வதில்லை.

தொலைவு என்பதும் இங்கே விசித்திரமான அளவு. சாதாரண ரவுட்டர் சுமார் 100 மில்லிவாட்டில் ஒலிபரப்புகிறது. லப்டொப் அதன் வலிமையை மைனஸ் 75 டிபிஎம் என்று காட்டினால், வந்து சேர்ந்த ஆற்றல் புறப்பட்டதில் ஏறக்குறைய 300 கோடியில் ஒரு பங்கு. அதிலும் வேலை நடக்கிறது என்பதுதான் அதிசயம். குடாநாட்டு வீடுகளில் வளவு பெரிது, சுவர் தடிப்பு. வளவைச் சுற்றித் தகர வேலியும் இருந்தால் கேட்கவே வேண்டாம், உலோகத் தகடு ரேடியோ அலையைத் திருப்பி அடிக்கும். கிணற்றடிக்கு லப்டொப்பைக் கொண்டு போனவர் ஓரடி இப்படி வைத்தால் சிக்னல் இருக்கும், அப்படி வைத்தால் போகும்.

வீட்டில் முன்னுக்கொன்று பின்னுக்கொன்று என இரண்டு வைஃபை கருவிகள் இருந்தால் இன்னொரு தொல்லை. நடுவில் உட்கார்ந்திருக்கும் கணினி இரண்டுக்கும் இடையே பந்தாடப்படக் கூடாது. இதற்கு அப்பிள் நிறுவனம் வெளியிட்டிருக்கும் விதி தெளிவானது. மேக் கணினி மைனஸ் 75 டிபிஎம் வரை இருந்த இடத்தை விட்டு அசையாது. அதற்குக் கீழே போனால்தான் வேறு கருவியைத் தேடும். தேடிக் கிடைத்தது 12 டெசிபெல் கூடுதலாக இருந்தால்தான் தாவும். கொஞ்சம் மேலானது என்பதற்காக இடம் மாறினால், அடுத்த விநாடியே திரும்ப ஓடிவர வேண்டியிருக்கும்.

இவ்வளவும் வைஃபை சில்லின் அறிவு. மேலே ஓடும் மென்பொருளுக்கு இது எதுவும் நேரே தெரியாது. பழைய நிரலர்கள் செய்த வழி, ஐந்து விநாடிக்கொருமுறை 'இணைப்பு இருக்கிறதா?' என்று இயங்குதளத்தைத் தட்டிக் கேட்பது. இது பேட்டரியைத் தின்னும். இரண்டு கேள்விகளுக்கு நடுவில் போய்த் திரும்பி வந்த இணைப்பைக் கவனிக்கவும் தவறும். இப்போதைய முறை வேறு. மென்பொருள் தன் பெயரைப் பதிந்து வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கலாம். மாற்றம் வந்தால் இயங்குதளமே தட்டி எழுப்பும். விண்டோஸில் விஸ்டா காலத்திலிருந்து இதற்கான வைஃபை நிரலிடைமுகம் உண்டு. லினக்ஸில் கருவிலிருந்து நெற்லிங்க் என்ற வழியாகச் செய்தி வரும்; ரெட் ஹற் நிறுவனம் 2004இல் தொடங்கிய நெற்வேர்க் மேனேஜர் அதைக் கேட்டு, மேசைக் கணினி மென்பொருளுக்குப் புரியும் மொழியில் சொல்லும். அப்பிள் 2018இல் இதற்கென்று ஒரு புதிய கண்காணிப்பு வசதியைத் தந்தது.

செய்தி வருவது சரி, எத்தனை செய்தி? இங்கேதான் புதிய நிரலர்கள் தடுமாறுகிறார்கள். கரண்ட் போனதும் அக்கா கூப்பிடுகிறார்: "தம்பி, உன்ர போனில ஹொட்ஸ்பொட்டைப் போடு." தம்பி போடுகிறான். மனிதக் கண்ணுக்கு இது ஒரே நிகழ்ச்சி: வீட்டு வைஃபை போனது, போன் வைஃபை வந்தது. கணினிக்கோ ஒரு பட்டாளம். பழைய உடன்பாடு முறிந்தது என்று ஒரு செய்தி. 192.168.1 என்று தொடங்கிய முகவரி போய்விட்டது என்று இன்னொன்று. அந்த வழியாகப் போகும் பாதைகள் அழிந்தன என்று வேறொன்று. பிறகு போனோடு கடவுச்சொல் சரிபார்ப்பு. முதலில் ஓர் ஐபிவி6 முகவரி. நான்கு கடிதப் போக்குவரத்துக்குப் பின் ஓர் ஐபிவி4 முகவரி, ஐபோன் என்றால் 172.20.10 என்று தொடங்கும். கடைசியாகப் பெயர் தேடும் சேவகன் மாறியது. இவை சில விநாடிக்குள் அடுக்கடுக்காக விழும். முதல் செய்தியிலேயே 'இணைப்பு இல்லை' என்று அலறி, அடுத்ததில் 'வந்துவிட்டது' என்று துள்ளி, மூன்றாவதில் மறுபடி அலறும் மென்பொருளைப் பார்த்தவர்கள் உண்டு. பழகிய நிரலர் செய்தி வந்ததும் ஓரிரு விநாடி பொறுப்பார். சலசலப்பு அடங்கிய பிறகு நிலைமையைத் தானே ஒருமுறை பார்த்து, அப்புறம்தான் பயனருக்கு வாய் திறப்பார்.

போதாக்குறைக்குப் போலி அட்டைகள் வேறு. விஎம்வேர் போன்ற மெய்நிகர் கணினி மென்பொருளை நிறுவினால் கணினிக்குள் கற்பனையான நெற்வேர்க் அட்டைகள் சில முளைக்கும். அவை எப்போதும் 'இணைந்தே' இருக்கும். வீட்டில் ஒரு ரவுட்டர்கூட உயிரோடு இல்லாதபோதும் 'ஏதாவது நெற்வேர்க் உண்டா?' என்று கேட்ட மென்பொருளுக்கு 'உண்டு' என்றே பதில் கிடைக்கும். மைக்ரோசொஃப்ட்டின் டொட்நெற் நிரலாளர்கள் இந்தக் குழியில் விழுந்து எழுந்தவர்கள்.

சரி, வைஃபை இருக்கிறது, முகவரியும் கிடைத்தது. இணையம் இருக்கிறதா? இது முற்றிலும் வேறு கேள்வி. 2014 ஒக்டோபர் 13 முதல் யாழ்ப்பாணத்துக்கு மறுபடி ரயில் ஓடுகிறது. யாழ்தேவியில் ஏறி, மடியில் லப்டொப்பும் பக்கத்தில் ஹொட்ஸ்பொட் போட்ட போனுமாக உட்கார்ந்திருப்பவரை எடுத்துக்கொள்வோம். ஆனையிறவைத் தாண்டி, கோபுரங்கள் அரிதான காட்டுப் பகுதியில் போனுக்குச் சிக்னல் அறவே போய்விடுகிறது. ஆனால் லப்டொப்புக்கும் போனுக்கும் நடுவே ஒரு முழம்தான். வைஃபை சின்னம் முழுமையாக, அழகாக நிற்கும். வீட்டிலும் இதே கதை உண்டு. ரவுட்டருக்கென்றே சின்ன யூபிஎஸ் வாங்கி வைத்தவரின் வீட்டில் கரண்ட் போனாலும் ரவுட்டர் எரியும், பீக்கன் வரும். தெருமுனையிலோ கோபுரத்திலோ உள்ள கருவியின் பேட்டரி தீர்ந்திருந்தால் இணையம் மட்டும் இருக்காது. இந்த வகை முறிவில் வைஃபை பக்கமிருந்து எந்தச் செய்தியும் வராது, ஏனென்றால் வைஃபையில் எதுவும் மாறவில்லை.

இதைக் கண்டுபிடிக்க இயங்குதளங்கள் கையாளும் தந்திரம் சிரிக்கும்படி எளிமையானது: தெரிந்த ஓர் இடத்துக்குப் போய்த் தெரிந்த ஒன்றைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது. விண்டோஸ் 10, மைக்ரோசொஃப்ட் நடத்தும் ஒரு தளத்திலிருந்து ஒரு சின்னஞ்சிறு உரைக் கோப்பை எடுக்கும். அதில் இருப்பது, இடைவெளிகளையும் சேர்த்து, 22 ஆங்கில எழுத்துகள்: 'மைக்ரோசொஃப்ட் கனெக்ட் டெஸ்ட்'. அப்பிள் தன் தளத்தில் 'சக்சஸ்' என்ற ஒற்றைச் சொல்லைத் தேடும். அன்ட்ரொயிட் இன்னும் சிக்கனம்; 'உள்ளே ஒன்றும் இல்லை' என்று பொருள்படும் 204 என்ற எண் பதிலாக வந்தால் போதும். கேட்டது அப்படியே வந்தால் இணையம் உண்டு. வேறு ஏதாவது வந்தால் நடுவில் யாரோ நிற்கிறார்கள். பொது வைஃபையில் இது சகஜம். 2015இல் அரசு பொது இடங்களில் இலவச வைஃபை திட்டத்தைத் தொடங்கியபோது பலருக்கு இது பழக்கமானது: இணைந்ததும் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் பதிவுப் பக்கமே வந்து நிற்கும். கணினி 22 எழுத்தைக் கேட்க, பதிவுப் பக்கம் வந்து விழ, 'உள்நுழைய வேண்டும்' என்று இயங்குதளம் புரிந்துகொள்ளும்.

இந்தச் சோதனையும் ஏமாறும், இரண்டு திசையிலும். 2020 மேயில் வந்த விண்டோஸ் 10 பதிப்புக்கு மாறிய சில கணினிகளில், இணையம் தாராளமாக இருந்தும் 'இணையம் இல்லை' என்ற சின்னம் நின்றது. உலாவி சின்னத்தைப் பற்றிக் கவலைப்படாமல் பக்கங்களைத் திறந்தது. ஸ்பொட்டிஃபையும் விண்டோஸ் கடையும் சின்னத்தை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றன. எதிர்த் திசைக்கு இலங்கையிலேயே உதாரணம் உண்டு. 2022 ஏப்ரல் 3 ஊரடங்கின்போது ஃபேஸ்புக், வட்ஸ்அப் முதலிய தளங்கள் பல மணி நேரம் முடக்கப்பட்டன. இணையம் என்ற பொதுவான ஒன்று இருந்தது. வேண்டிய இடத்துக்கு மட்டும் வழி இல்லை. எவ்வளவு நல்ல சோதனையும் தான் கேட்ட இடத்தைப் பற்றித்தான் பதில் சொல்லும். எனவே அனுப்புவதற்கு முன் 'இணையம் உண்டா?' என்று கேட்டு, இல்லையென்றால் முயற்சியே செய்யாத மென்பொருள் மோசமாக எழுதப்பட்ட மென்பொருள். முயன்று பார்ப்பதை விட நம்பகமான சோதனை கிடையாது. இயங்குதளத்தின் செய்தி, எப்போது முயலலாம் என்பதற்கான ஒரு குறிப்பு மட்டுமே.

இப்போது அந்த வட்டமிடும் மென்பொருளிடம் வரலாம். அது பெரும்பாலும் டிசிபி என்ற பழைய ஒப்பந்தத்தில் பேசுகிறது. டிசிபியில் ஓர் உரையாடலை அடையாளம் காட்டுபவை இரு முனைகளின் முகவரியும் வாசல் எண்ணும், ஆக நான்கு எண்கள். வீட்டு வைஃபையிலிருந்து போனுக்குத் தாவியதும் ஒரு முனையின் முகவரி மாறிவிட்டது. பழைய உரையாடல் செத்தது. ஆனால் செத்ததைச் சொல்வதற்கு ஆள் இல்லை. பதில் வராத பொட்டலத்தை டிசிபி திரும்பத் திரும்ப அனுப்பும், ஒவ்வொரு முறையும் இடைவெளியைக் கூட்டிக்கொண்டு. லினக்ஸின் வழக்கமான அமைப்பில் கைவிடுவதற்கு ஏறக்குறைய பதினைந்தரை நிமிடம் ஆகும். எதையும் அனுப்பாமல் பதிலுக்காக மட்டும் காத்திருக்கும் உரையாடல் என்றால் நிலைமை இன்னும் மோசம்: 'உயிரோடு இருக்கிறாயா?' என்று கேட்கும் வசதியை நிரலர் இயக்கிவிட்டிருந்தாலும், முதல் கேள்வி எழ இரண்டு மணி நேரம் ஆகும். கம்பி யுகத்தில் இந்தப் பொறுமை நல்ல குணம். இப்போது முகவரி மாறியது என்ற செய்தி வந்த உடனே பழைய உரையாடல்களைத் தானே முறித்து, புதிதாகத் தொடங்குவதுதான் புத்திசாலி மென்பொருளின் ரகசியம்.

இந்தக் கோளாறை அடியிலேயே சரிசெய்ய வந்தது குவிக். 2021 மேயில் இணையத் தரமாக அறிவிக்கப்பட்ட இந்த ஒப்பந்தத்தில் உரையாடலுக்கு முகவரியைச் சாராத தனி அடையாள எண் உண்டு. முகவரி மாறினாலும் எண்ணைச் சொல்லி விட்ட இடத்திலிருந்து தொடரலாம். உலாவிகள் பெரிய தளங்களோடு இப்போதே இதில்தான் பேசுகின்றன. அலுவலகங்களில் ஓடும் பழைய கணக்கு மென்பொருள்களுக்கு அது எப்போது போய்ச் சேருமோ.

தாவலில் பணப் பிரச்சினையும் இருக்கிறது. வீட்டு ஃபைபரில் கணக்குப் பார்க்காமல் இறங்கிக்கொண்டிருந்த விண்டோஸ் புதுப்பிப்பு, ஹொட்ஸ்பொட்டுக்கு மாறிய பிறகும் அதே வேகத்தில் இறங்கினால் காலையில் போட்ட ரீலோட் மத்தியானத்துக்கு முன் காலி. விண்டோஸ் 8 முதல் 'அளந்து விற்கப்படும் இணைப்பு' என்ற குறி இருக்கிறது. மென்பொருள் அதைப் பார்த்து அடங்கிக்கொள்ளலாம். லினக்ஸின் நெற்வேர்க் மேனேஜர் ஒரு படி மேலே போகிறது. அன்ட்ரொயிட் போன் முகவரி கொடுக்கும் கடிதத்தின் ஓரத்தில் 'அன்ட்ரொயிட் மீட்டர்ட்' என்று ஒரு குறிப்பைச் சேர்த்து அனுப்புகிறது. அதைப் படித்து, இது காசு கணக்குள்ள இணைப்பு என்று யாரும் சொல்லாமலே தெரிந்துகொள்கிறது. ஆனால் குறியைப் பார்ப்பதா இல்லையா என்பது அந்தந்த மென்பொருளை எழுதியவரின் மனச்சாட்சியைப் பொறுத்தது.

இன்னொரு மாற்றம் அண்மைக்காலத்தது. எந்த வைஃபையில் இணைந்திருக்கிறோம் என்ற பெயரைப் படிப்பதற்குக்கூட இப்போது அனுமதி வேண்டும். மேக் கணினியில் 2019 முதலும், விண்டோஸ் 11இன் 2024 பதிப்பு முதலும், சுற்றியுள்ள வைஃபை விவரங்களைக் கேட்கும் மென்பொருளுக்கு இருப்பிட அனுமதி தேவை. காரணம் எளிது. எந்த ரவுட்டர் எந்தத் தெருவில் இருக்கிறது என்ற பட்டியல்கள் பெரிய நிறுவனங்களிடம் உள்ளன. அக்கம்பக்கத்து மூன்று ரவுட்டர்களின் அடையாளம் கிடைத்தால் ஆள் நல்லூரிலா நெல்லியடியிலா என்று சொல்லிவிடலாம். 'வைஃபை மாறினால் சொல்லு' என்று மட்டும் கேட்ட பழைய நிரல்கள் சில இதனால் திடீரென்று ஊமையாகின.

மின்சாரம் திரும்பும் நேரத்துக்கு வேறொரு ஆபத்து. ஒரு பிரதேசம் முழுவதும் ஒரே விநாடியில் ஆயிரக்கணக்கான ரவுட்டர்கள் எழுகின்றன. காத்திருந்த மென்பொருள் அத்தனையும் ஒரே நேரத்தில் சேவகக் கணினிகளின் கதவை இடிக்கின்றன. இதற்கான மருந்து ஐம்பது ஆண்டுக்கு முன்பே, குடாநாட்டின் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு போலச் சிதறிக் கிடக்கும் வேறொரு தீவுக் கூட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏப்ரம்சனும் கூட்டாளிகளும் 1971இல் அலோகாநெற் என்ற வலையமைப்பை இயக்கினார்கள். தீவுகளுக்கிடையே கம்பிக்குப் பதிலாக ரேடியோ. எல்லா நிலையங்களும் ஒரே அலைவரிசையில், யாரிடமும் முறை கேட்காமல் பேசும். இரண்டு ஒன்றாகப் பேசினால் இரண்டும் கெடும். பதில் வரவில்லையென்றால் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு தற்செயலான நேரம் காத்திருந்து மறுபடி பேசும். காத்திருப்பு ஒரே அளவாக இருந்தால் மறுபடியும் மோதும் என்பதால்தான் தற்செயல். இந்த எளிய முறையில் அலைவரிசையின் கொள்ளளவில் 18.4 சதவீதத்துக்கு மேல் பயன்படுத்த முடியாது என்று கணக்கும் போட்டார்கள். அந்த யோசனைதான் ஈதர்நெட்டுக்கும் அதன் வழியாக 1997இல் தரமாக வந்த வைஃபைக்கும் போனது. நன்றாக எழுதப்பட்ட மேசைக் கணினி மென்பொருள் இன்றும் அதையே செய்கிறது: இணைப்பு திரும்பியதாகச் செய்தி கிடைத்ததும் ஒரு விநாடி, தோற்றால் இரண்டு, பிறகு நான்கு, எட்டு என்று இடைவெளியை இரட்டிப்பாக்கி, ஒவ்வொன்றோடும் சிறிது தற்செயலைக் கூட்டிக்கொண்டு முயல்கிறது.